சுத்தமாகி வெளியே வருபவருக்குத்தான் ஆபத்து அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து, போதைப்பொருள்) அடிமைத்தனம் குறித்த உங்கள் தலையங்கம், மீட்பு மையங்களை இன்னும் அதிகமாகத் திறக்க வேண்டும், வருபவர்களை இருபது முப்பது நாள் உள்ளே வைத்து உடம்பைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிந்திருந்தது. அக்கறையில் குறை இல்லை. ஆனால் அந்த யோசனையை அப்படியே நிறைவேற்றினால் சாவு குறையாது, கூடும். இந்தச் சிகிச்சையில் அன்றாடம் புழங்குபவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. வெளியே அதிகம் பேசப்படாததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதவில்லையென்றால், அடங்கிய மூச்சை மீட்கும் நாலாக்ஸோன் என்ற மருந்து பற்றிய பகுதியை மட்டுமாவது வெட்டாமல் போடுங்கள்.

அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின், அதைத் திரித்துச் செய்யும் ஹெராயின், மாத்திரையாக வரும் ஆக்ஸிகோடோன், டிரமடால், முழுக்கவே ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஃபென்டனில் எல்லாமே மூளையில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில், ஒரே வகையில், போய் உட்காருகின்றன. அந்த ஏற்பிகள் வலியை மட்டும் அடக்குவதில்லை. மூளைத்தண்டில் மூச்சின் தாளமும் அவற்றின் பிடியில்தான் இருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் நம்மை அறியாமலே மூச்சை இழுத்துவிடுகிறோம் அல்லவா, அந்த உந்துதலை இம்மருந்துகள் மழுங்கடிக்கின்றன. தினமும் எடுப்பவரின் உடம்பு இதற்குப் பழகிக்கொள்கிறது. புதியவரைக் கொன்றுவிடக்கூடிய அளவை அவர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். நிறுத்தினால் இந்தத் தாங்குதிறன் சில நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. ஆசையோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. சிகிச்சை முடிந்து வெளியே வந்த ஒருவர், மனம் தளர்ந்த ஒரு சாயங்காலம், தனக்குத் தெரிந்த பழைய அளவையே எடுக்கிறார். கை பழைய கணக்கில் அளக்கிறது. மூச்சு புதிய கணக்கில் நிற்கிறது.

ஸ்வீடனில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சின்னதுதான், மொத்தம் 40 பேர். ஹெராயினுக்கு அடிமையான அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு, ஓபியாய்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் புப்ரனார்ஃபின் என்ற மருந்து தினம் 16 மி.கி., ஓராண்டு முழுக்க. மற்ற 20 பேருக்கு அதே மருந்தை ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, பிறகு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆலோசனை, குழுச் சந்திப்பு, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் மருந்து தொடர்ந்தவர்களில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். "சுத்தம் செய்து, நல்ல புத்தி சொல்லி அனுப்புவது" என்ற முறைக்கு இதைவிட நேரான பரிசோதனை அமைவது கடினம்.

சிறையிலிருந்து வெளிவருவோர் கதையும் இதேதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதை மருந்து மிகையால் இறக்கும் வாய்ப்பு மற்ற மக்களைவிட 129 மடங்கு. இதைத் தடுக்க முடியாதா என்றால், முடியும். அதே நாட்டின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-ல் தன் சிறைகளுக்குள்ளேயே மெத்தடோன் (புப்ரனார்ஃபின் போலவே பதிலாகக் கொடுப்பது), புப்ரனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் (ஏற்பியை அடைத்துவைப்பது) மூன்றையும் கொடுக்கத் தொடங்கி, வெளியே வந்த பிறகும் தொடர ஏற்பாடு செய்தது. அங்கே மிகையால் இறந்தவர்களில் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள் 2016-ன் முதல் பாதியில் 26 பேர். அடுத்த ஆண்டு அதே காலத்தில் 9 பேர்.

ஆக, நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். உடம்பிலிருந்து போதையை இறக்குவது சிகிச்சைக்கு வாசல்படி மட்டுமே. மருந்தில் வைத்திருப்பதுதான் சிகிச்சை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் போட்ட கணக்கில், ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் மெத்தடோனில் இருக்கும்போது இறப்பவர்கள் சுமார் 11 பேர், விட்டபிறகு 36 பேர். புப்ரனார்ஃபினில் சுமார் 4, விட்டபிறகு 9 அல்லது 10. உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் 2005-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்காதவர் இல்லை. புப்ரனார்ஃபின் ஏற்பியை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. மேலேயே ஹெராயின் எடுத்தாலும் உட்கார இடமிருக்காது. சரியான அளவில் இருப்பவருக்குக் கிறக்கமும் இல்லை, கை கால் குடைச்சலும் இல்லை. நாளுக்கு மூன்று நான்கு முறை ஏறி இறங்கிய வாழ்க்கை, காலையில் ஒரு மாத்திரையோடு சமநிலைக்கு வருகிறது. அடிமைத்தனம் என்பது மருந்தைச் சார்ந்திருப்பது அல்ல. கெடுதல் தெரிந்தும் அதைத் தேடி ஓடுவதை நிறுத்த முடியாமை. இன்சுலின் போடுபவரும் அதைச் சார்ந்துதான் இருக்கிறார்.

ஆனால் இந்த மருந்தைத் தொடங்குவதில் கை தவறினால் நோயாளி ஒரே நாளில் ஓடிவிடுவார். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான். ஹெராயின் இன்னும் ஏற்பியில் இருக்கும்போதே புப்ரனார்ஃபின் கொடுத்தால், அது ஹெராயினை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும். தூண்டுதல் சட்டென்று பாதியாகக் குறைய, இரண்டு நாளில் மெல்ல வரவேண்டிய வித்டிராவல் (மருந்து விலகும்போது வரும் வேதனை) அரை மணி நேரத்தில் வந்து அடிக்கும்: வாந்தி, பேதி, நடுக்கம், வியர்வை. அதனால் காத்திருக்க வேண்டும். ஹெராயின் போன்ற குறுகிய நேரம் வேலை செய்பவை என்றால் கடைசியாக எடுத்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரம்; மெத்தடோன் என்றால் 24 முதல் 72 மணி நேரம். கடிகாரத்தைவிட உடம்பை நம்புவது நல்லது. கண்மணி விரிந்திருக்கிறதா, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, எலும்பு வலி, பதற்றம் என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. குறைந்தது 8, கூடுமானால் 12 வந்தபிறகு 2 முதல் 4 மி.கி. கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்து, தேவையானால் மறுபடி. முதல் நாள் வழக்கமாக 8 மி.கி. வரை.

மாத்திரை நாக்கின் அடியில் 5 முதல் 10 நிமிடம் கரைய வேண்டும். வாய் உலர்ந்திருந்தால் முதலில் ஒரு வாய் தண்ணீர். கரையும் வரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. விழுங்கினால் குடலும் கல்லீரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். "மருந்து கேட்கவில்லை" என்று வருபவர்களில் கணிசமானோர் விழுங்கியவர்களே. கரைந்தபின் தண்ணீரால் கொப்பளித்து விழுங்கிவிட்டு, பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் பல் சொத்தையாகலாம்.

ஃபென்டனில் எடுப்பவர்களிடம் இந்தக் கணக்கு அடிக்கடி பிசகுகிறது. தொடர்ந்து எடுக்கும்போது அது கொழுப்பில் சேர்ந்து மெதுவாகக் கசிவதால், ஒரு நாள் காத்திருந்தும் சிலருக்கு வித்டிராவல் தூண்டப்படுகிறது. அவர்களுக்கு அரை மி.கி., ஒரு மி.கி. என்று மிகச் சிறிய அளவில் தொடங்கி, பழைய மருந்தை உடனே நிறுத்தாமல், சில நாட்களில் ஏற்றிக்கொண்டுபோகும் முறை இருக்கிறது.

இன்னொரு வழக்கமான பிழை, புப்ரனார்ஃபினின் தினசரி அளவை 8 மி.கி.-யிலேயே நிறுத்திக்கொள்வது. பலருக்கு 16, சிலருக்கு 24 வேண்டியிருக்கும். அளவு போதாமல் ஏங்குபவரை "மன உறுதி இல்லை" என்று திட்டுவதில் பயனில்லை. அதைவிட மோசமானது, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தெரிந்தது என்று தண்டனையாகச் சிகிச்சையை வெட்டுவது. சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் இன்சுலினைப் பிடுங்குவதில்லை.

மெத்தடோன் வேறு சுபாவம். அது ஏற்பியை முழுமையாகத் தூண்டும். உடம்பில் நெடுநேரம் தங்கும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். முதல் அளவு 30 மி.கி.-க்கு மேல் போகாமல் தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு 5 அல்லது 10 மி.கி. ஏற்ற வேண்டும். முதல் நாள் போதாது என்று தோன்றும் அதே அளவு மூன்றாம் நான்காம் நாளில் சேர்ந்து சேர்ந்து ஆளை அமுக்கிவிடும். முதல் இரண்டு வாரங்கள்தான் கண்டம். பகலில் தூங்கி வழிந்தால் அளவை ஏற்றக்கூடாது. நிலைத்தபின் பலருக்கு 60 முதல் 120 மி.கி. வரை தேவைப்படும். இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டும் குணம் இருப்பதால் ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்ள வேண்டும். நால்ட்ரெக்ஸோன் ஊசிக்கு முன் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கேயே பலர் நழுவிவிடுகிறார்கள். மாத ஊசியைத் தவறவிட்டால் தாங்குதிறன் இல்லாத உடம்போடு நிற்பார்கள்.

எத்தனை காலம் மருந்து? காலக்கெடு வைப்பதே தவறு. நன்றாக இருக்கும் வரை தொடரலாம். கர்ப்பிணி என்றால் திடீரென்று நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. மருந்தைத் தொடர்ந்து, பிறந்த குழந்தைக்கு வரும் விலகல் அறிகுறிகளைப் பார்த்துக்கொள்வதே முறை. பிரான்ஸ் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே புப்ரனார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் அங்கே ஹெராயின் மிகைச் சாவுகள் பெருமளவு சரிந்தன. புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது நாலாக்ஸோன். ஏற்பியிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்கும் மருந்து. 1971 முதல் புழக்கத்தில் உள்ளது. இதற்குப் போதை கிடையாது, ஓபியாய்டு எடுக்காதவருக்குக் கொடுத்தாலும் கெடுதல் செய்யாது. யாரிடம் இருக்க வேண்டும்? எடுப்பவரின் வீட்டாரிடம், நண்பரிடம், அறைத்தோழரிடம். மயங்கியவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது.

ஆள் கூப்பிட்டால் எழவில்லை. மார்பெலும்பில் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் அசைவில்லை. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது. மூச்சு ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறைகூட வரவில்லை, அல்லது தொண்டையில் களகளவென்ற குறட்டை. உதடு, நகம் நீலமாகவோ, கருத்த தோலில் சாம்பல் பூத்தாற்போலவோ இருக்கும். உதட்டின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் குறட்டையைக் கேட்டு "அயர்ந்து தூங்குகிறான், விடு" என்று கதவைச் சாத்தியதால் போன உயிர்கள் ஏராளம்.

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு ஆளை மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்குத் துளைக்குள் ஸ்பிரேயின் முனையை முழுதாக நுழைத்து, பிஸ்டனை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஒரு ஸ்பிரேயில் ஒரே ஒரு டோஸ்தான். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று காற்றில் ஒருமுறை அழுத்தினால் மருந்து தீர்ந்தது. வழக்கமான ஸ்பிரேயில் 4 மி.கி.; ஊசி என்றால் 0.4 மி.கி., தொடை அல்லது தோள் தசையில், துணிக்கு மேலேயே குத்தலாம். மருந்து ஏற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரம் கைகட்டி நிற்கக்கூடாது. மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 விநாடிக்கு ஒரு மூச்சு ஊதுங்கள். இந்தச் சாவு பிராணவாயு இல்லாமல் வரும் சாவு. மருந்து கைவசம் இல்லாவிட்டால்கூட ஊதும் மூச்சே ஆளைப் பிடித்து வைக்கும். மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் அடுத்த மூக்குத் துளையில் இரண்டாவது ஸ்பிரே. நாடித்துடிப்பே இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவி.

தலையில் குளிர்ந்த நீர் ஊற்றுவது, பால் புகட்டுவது, உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது, இரு பக்கமும் தாங்கி நடக்கவைப்பது எல்லாம் நிமிடங்களைத் தின்பவை. மயங்கியவர் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும்.

மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனிருங்கள். நாலாக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், எடுத்த போதைப்பொருள் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். எழுந்தவர் வித்டிராவலில் கோபமாக இருப்பார், உடனே மறுபடி போட்டுக்கொள்ளத் துடிப்பார். வாதாட வேண்டாம், தனியே விடவும் வேண்டாம். மது, தூக்க மாத்திரை, அல்லது இப்போது சில இடங்களில் கலக்கப்படும் கால்நடை மயக்கமருந்தான சைலசீன் சேர்ந்திருந்தால் நாலாக்ஸோனால் அவற்றை முறிக்க முடியாது. மூச்சு வந்தும் ஆள் விழிக்காமல் கிடக்கலாம். அப்போது மூச்சைத்தான் கவனிக்க வேண்டும், விழிப்பை அல்ல.

மருந்துச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடியின் வேரில் ஓர் ஆசிரியருக்கான கடிதம் இருக்கிறது என்பது வேடிக்கையான உண்மை. 1980 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது: மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் அடிமையானவர்கள் 4 பேர் மட்டுமே என்று. கண்காணிப்பில் படுத்திருந்த உள்நோயாளிகள் பற்றிய குறிப்பு அது. அதைத் தூக்கிக்கொண்டுபோய், மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குபவருக்கும் பொருத்தினார்கள். 2017-ல் எண்ணிப் பார்த்தபோது 608 இடங்களில் மேற்கோளாகியிருந்தது. அதே இதழ் கடிதத்தின் தலையில் எச்சரிக்கைக் குறிப்பை ஒட்டியது அதன் பிறகுதான். நடுவே 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற ஆக்ஸிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்து, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று விற்கப்பட்டது. தவறாக விளம்பரம் செய்ததை 2007-ல் அதை விற்ற நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கடிதம் எழுதுபவர்கள் பயந்து பயந்து எழுத வேண்டும் என்பதற்கு இது போதும். நாங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதல் சீட்டின் நீளம் முக்கியம். 2017-ல் வெளியான அமெரிக்கக் கணக்கில், புற்றுநோய் இல்லாதவர்களில் முதல் தடவை 8 நாளோ அதற்கு மேலோ ஓபியாய்டு எடுத்தவர்களில் 13.5 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 31 நாளோ மேலோ என்றால் 29.9 சதவீதம். (வலி கடுமையானவர்களுக்குத்தானே நீண்ட சீட்டு எழுதுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) கை கால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு 400 மி.கி. ஐபுபுரூஃபெனும் 1000 மி.கி. பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்ததில், இரண்டு மணி நேரத்தில் வலி குறைந்த அளவு ஓபியாய்டு கலந்த மாத்திரைகளோடு சமமாகவே இருந்தது. இதுவும் அதே ஆண்டு வந்த ஆய்வு.

ஆனால் இதைப் படித்துவிட்டு மருத்துவர்கள் ஒரேயடியாகக் கையை இழுத்துக்கொண்டால் அது அடுத்த விபத்து. அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 2010-ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையை நசுக்க முடியாதபடி மாற்றினார்கள். பலர் ஹெராயினுக்குத் தாவினார்கள். 2013 வாக்கில் ஹெராயினோடு ஃபென்டனில் கலந்தது. 2021, 2022 இரண்டிலும் போதை மிகைச் சாவுகள் ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டின, அவற்றில் நான்கில் மூன்று பங்கு ஓபியாய்டுகளால். வலிக்காக ஓராண்டுக்கு மேல் எடுத்து வருபவருக்குக் குறைப்பதென்றால் மாதத்துக்கு 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாக. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு மார்ஃபினை மறுப்பதற்கும் இந்த நெருக்கடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போதைப்பொருள் வைத்திருப்பது குற்றமாக இருக்க வேண்டுமா என்று தலையங்கம் கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக: போர்ச்சுகல் 2001-ல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, பிடிபட்டவரை அனுப்பக் குழுவும் சிகிச்சையும் தயாராக இருந்தன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-ல் சட்டத்தை முதலில் தளர்த்தியது, சிகிச்சை பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. 2024-ல் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள்.

கடைசியாக, தலையங்கத்தோடு நீங்கள் போட்டிருந்த படம்: வளைந்த ஸ்பூன், ஊசி, வெள்ளைப் பொடி. விட்டு நான்கு மாதம் ஆன ஒருவருக்கு அந்தப் படம் எச்சரிக்கையாகத் தெரியாது. அடிவயிறு இறுகும், உள்ளங்கை வியர்க்கும். அடுத்த முறை அந்த இடத்தில் நாலாக்ஸோன் ஸ்பிரேயின் படத்தைப் போடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுதான். அலமாரியில் இருந்தும் அது என்னவென்று தெரியாமல் தாண்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அடிமைத்தன சிகிச்சைப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்